ஆக்ஸ்போர்டு ஆம்னெஸ்டி உரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்ஸ்போர்டு ஆம்னெஸ்டி உரைகள் என்பவை யாவை?

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகச் சூழலில் 1992ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பொது உரைத்தொடர் இது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பொருள் வரையறுக்கப்பட்டது. அப்பொருள் குறித்து மெய்யியல், சட்டம், இலக்கியம், அறிவியல், பொருளியல் எனப் பல துறைகளைச் சேர்ந்தவர்கள் தனித்தனி மாலைகளில் உரையாற்றினார்கள். பின்னர் அவ்வுரைகள் தொகுக்கப்பட்டு நூலாக வெளிவந்தன. உரைகளின் வழியாகத் திரண்ட நிதி, தம் கருத்துக்காகவோ நம்பிக்கைக்காகவோ சிறையிலிடப்பட்ட மனச்சான்றுக் கைதிகளுக்காகக் குரல் கொடுக்கும் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பின் பணிக்கு உதவியது. இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் சர்வதேச மன்னிப்புச் சபை என்று குறிப்பிடப்படுவது இந்த அமைப்புதான். பீட்டர் பெனன்சன் என்ற வழக்கறிஞர் 1961ஆம் ஆண்டு மே 28 அன்று இலண்டன் ‘அப்சர்வர்’ இதழில் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வளர்ந்த அவ்வமைப்பு, 1977இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது.

உரைகள் ஆம்னெஸ்டியின் நிலைப்பாட்டை விளக்குவதற்காக நடத்தப்பட்டவையா?

இல்லை. இந்தத் தொடரின் மதிப்பே அங்குதான் இருக்கிறது என்று கருதுகிறேன். உரையாளர்கள் தம் சொந்தப் பொறுப்பில் பேசினார்கள். ஆம்னெஸ்டியின் கொள்கைகளோடு அவர்கள் ஒத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கவில்லை. மனித உரிமைகளுக்கு மெய்யியல் அடித்தளம் எதுவும் கிடையாது என்று வாதிட்டவரும், மனித உரிமைச் சட்டம் பெண்களைக் கைவிட்டுவிட்டது என்று குற்றம் சாட்டியவரும், முழுமையான கருத்துரிமையை அடிப்படை மனித உரிமைப் பட்டியலில் சேர்க்காதவரும் அதே மேடையில் இடம்பெற்றார்கள். ஓர் அமைப்புக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில், அவ்வமைப்பு நிற்கும் தரையையே கேள்விக்கு உட்படுத்தும்படி அறிஞர்களை அழைப்பதற்குத் துணிவு வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வெளியே அத்தகைய துணிவு எளிதில் வாய்ப்பதில்லை.

மனித உரிமை என்பது சட்டத்துறைப் பொருள். அப்படியிருக்க, தொடக்க வரிசையில் இலக்கியத் திறனாய்வாளர்களும் மெய்யியலாளர்களும் பேசியது ஏன்?

1992ஆம் ஆண்டு வரிசைக்கு அழைக்கப்பட்டவர்கள் எலென் சிக்சு, பால் ரிக்கர், ஜூலியா கிறிஸ்தேவா, எட்வர்ட் சயீத், டெரி ஈகிள்டன், ஃபிராங்க் கெர்மோட், வெய்ன் பூத் ஆகியோர். அவர்கள்முன் வைக்கப்பட்ட கேள்வி கடினமானது. தன்னைத் தானே ஆளும், தெளிந்த, ஒருமையுடைய தனிமனிதர் என்ற கருத்தை இருபதாம் நூற்றாண்டுச் சிந்தனை பல திசைகளிலிருந்தும் சிதைத்துவிட்டது. அத்தகைய தனிமனிதரே இல்லையென்றால், நாம் யாருடைய உரிமைகளைக் காக்கிறோம்?

சிறையில் அடிபடுபவருக்கு இக்கேள்வியால் என்ன பயன் என்று உடனே கேட்கத் தோன்றும். ஆனால் அக்கேள்வியை எழுப்பியவர்கள் சிறைகளை மறந்தவர்கள் அல்லர். சயீத் தம் உரையில் காட்டிய ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். அமெரிக்காவில் கறுப்பின மக்களும் பூர்வகுடிகளும் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் தோக்வில், அல்ஜீரியாவில் தம் நாட்டுப் படைகள் செய்த கொடுமைகள் என்று வரும்போது தாம் சொன்ன அறத்தை ஒதுக்கிவைத்துவிட்டார். சுதந்திரத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஜான் ஸ்டூவர்ட் மில், 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர். தன்னாட்சிக்கு இந்தியர்கள் இன்னும் தகுதி பெறவில்லை என்பதே அவருடைய நிலைப்பாடாக இருந்தது. ‘மனிதர்’ என்ற வட்டத்துக்குள் யார் யார் அடங்குவார்கள் என்பதைத் தீர்மானிப்பவர்கள் யார் என்ற கேள்வியைச் சட்டப் பிரிவுகளை மட்டும் படிப்பவர் எழுப்புவது அரிது.

1993ஆம் ஆண்டு வரிசை மட்டும் ஏன் இவ்வளவு தனித்துப் பேசப்படுகிறது?

முதற்காரணம் உரையாளர்கள். அமெரிக்க மெய்யியலாளர்கள் ஜான் ரால்ஸ், ரிச்சர்ட் ரோர்ட்டி, அமெரிக்கச் சட்ட அறிஞர் கேத்தரின் மெக்கினன், சமூகவியலாளர் ஸ்டீவன் லூக்ஸ், பிரெஞ்சு மெய்யியலாளர் ழான்-பிரான்சுவா லியோதார், ஆக்னஸ் ஹெல்லர், யோன் எல்ஸ்டர் ஆகிய எழுவரும் ஒரே வரிசையில் பேசினார்கள். அவர்கள் உரைகளின் தொகுப்பு அதே ஆண்டில் வெளிவந்து, உலகெங்கும் மனித உரிமைப் பாடத்திட்டங்களில் இடம்பிடித்தது.

இரண்டாம் காரணம், அந்த ஆண்டின் வரலாறு. உரைகள் நிகழ்ந்த நாள்களில், யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த பொஸ்னியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. அதன் தலைநகர் சராயேவோ முற்றுகையில் இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ஆசிய அரசுகள் பாங்காக்கில் கூடி, மனித உரிமைகளைக் கருதும்போது நாட்டின், வட்டாரத்தின் தனித்தன்மைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டன. மே 25 அன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை தனது 827ஆம் தீர்மானத்தின் மூலம் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயத்தை நிறுவியது. ஜூனில் வியன்னாவில் கூடிய உலக மனித உரிமை மாநாடு, எல்லா மனித உரிமைகளும் உலகப் பொதுவானவை, பிரிக்க இயலாதவை, ஒன்றையொன்று சார்ந்தவை என்று அறிவித்தது. இந்தியாவில் தேசிய மனித உரிமை ஆணையம் அமைந்ததும் அதே ஆண்டில்தான். இவை அனைத்துக்கும் சற்று முன்பாக, எதுவும் முடிவாகாத ஒரு கணத்தில், அந்த எழுவரும் பேசினார்கள். எனவே அவ்வுரைகளைப் படிக்கும்போது, பின்னர் நடந்தவற்றை அறிந்திருக்கும் நாம், அவர்கள் எதைச் சரியாகக் கணித்தார்கள், எது அவர்கள் கண்ணில் படவில்லை என்பதை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

மெக்கினன் தம் உரையில் என்ன வாதிட்டார்?

வரிசையின் எழுவரில், பேசிக்கொண்டிருந்த பொருளில் வழக்கறிஞராகவே ஈடுபட்டிருந்தவர் கேத்தரின் மெக்கினன். பொஸ்னிய, குரோவேஷியப் பெண்கள் சிலருக்காக அப்போது அவர் சட்டப் பணி செய்துகொண்டிருந்தார். அவருடைய வாதத்தின் மையம் இதுதான்: ஓர் ஆணுக்கு நேரும் கொடுமை ஒரு பெண்ணுக்கும் அதே வடிவில் நேர்ந்தால் சட்டம் அதை மனித உரிமை மீறல் என்று ஏற்கிறது, ஆனால் பெண் என்பதற்காகவே நேரும் கொடுமை, மனிதப் பொதுமைக்குள் அடங்காத அளவுக்குத் தனித்தன்மை கொண்டதாகவோ, எங்கும் எப்போதும் நடப்பதால் தனிக் குற்றமாகக் கருத இயலாததாகவோ ஒதுக்கப்படுகிறது. இவ்விரண்டு விளக்கங்களுக்கும் இடையே பெண்கள் காணாமற்போகிறார்கள்.

பொஸ்னியாவில் இதுவே நிகழ்ந்தது என்றார் அவர். முகாம்களில் பெண்கள் திட்டமிட்டு வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டதைச் சிலர் ‘எல்லாப் போர்களிலும் நடப்பதுதான்’ என்று கடந்து சென்றார்கள். வேறு சிலர் அதை இன அழிப்பு என்று மட்டும் பெயரிட்டு, அதில் பெண்கள் பெண்களாகத் தாக்கப்பட்டதைப் பேசாமல் விட்டார்கள். இரண்டும் ஒருங்கே உண்மை, வன்புணர்வே இன அழிப்பின் கருவியாக ஆக்கப்பட்டிருக்கிறது என்று அவர் வலியுறுத்தினார். உரைத் தலைப்பில் போர்க்காலக் குற்றத்தோடு அமைதிக்காலக் குற்றத்தையும் அவர் இணைத்ததற்குக் காரணம் உண்டு. அமைதிக்காலத்தில் வீட்டிலும் தெருவிலும் பொறுத்துக்கொள்ளப்படும் வன்முறையே போர் வரும்போது படைகளின் ஆயுதமாகிறது என்பது அவர் கருத்து.

அன்றைய சட்ட நிலையை நினைவில் கொண்டால்தான் இவ்வாதத்தின் கனம் விளங்கும். போர்க்காலத்தில் பொதுமக்களைக் காப்பதற்கான 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் வன்புணர்வைத் தடைசெய்தது. ஆனால் அதைப் பெண்ணின் மானத்தின் மீதான தாக்குதலாகவே வகைப்படுத்தியது. நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்பாயத்தின் சாசனம், மானுடத்துக்கு எதிரான குற்றங்களின் பட்டியலில் வன்புணர்வைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை.

அந்த வாதம் பின்னர் நீதிமன்றங்களில் ஏற்கப்பட்டதா?

பெருமளவு ஏற்கப்பட்டது. ஆனால் அதை ஓர் உரையின் வெற்றியாக எழுதுவது நியாயமாகாது. சாட்சி சொல்ல முன்வந்த பெண்களும், உலகெங்கும் செயல்பட்ட பெண்கள் அமைப்புகளும், வழக்கறிஞர்களும் பல ஆண்டுகள் பாடுபட்டதன் விளைவு அது. யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் சட்டம் மானுடத்துக்கு எதிரான குற்றங்களுள் ஒன்றாக வன்புணர்வை வெளிப்படையாகக் குறிப்பிட்டது. 1998ஆம் ஆண்டு செப்டம்பர் 2 அன்று, 1994ஆம் ஆண்டின் இன அழிப்பை விசாரித்த ருவாண்டாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயம், தாபா என்ற ஊரின் மேயராக இருந்த ழான்-போல் அகயேசுவுக்கு எதிரான வழக்கில், இன அழிப்பு நோக்கத்தோடு நிகழ்த்தப்படும் வன்புணர்வு இன அழிப்புக் குற்றமே என்று தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்த நீதிபதிகளுள் ஒருவர் நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் 1941இல் பிறந்து, நிறவெறி ஆட்சிக்காலத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றி, 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகளின் மனித உரிமை உயர் ஆணையராக விளங்கியவர் அவர். தமிழ்நாட்டுச் சட்டக் கல்லூரி மாணவர்கள் அவர் பெயரை அறிந்திருக்கும் அளவுக்கு அகயேசு தீர்ப்பை அறிந்திருப்பதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

மெக்கினன் பங்கேற்ற அமெரிக்க வழக்கும் முக்கியமானது. பொஸ்னிய செர்பியத் தலைவர் ராதவான் கராஜிச்சுக்கு எதிராக அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட உரிமையியல் வழக்கில், இன அழிப்பு போன்ற சில குற்றங்களுக்கு அரசின் பெயரால் செயல்படாதவரும் பன்னாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பொறுப்பாவார் என்று 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2000ஆம் ஆண்டில் நடுவர் குழு (ஜூரி) 74 கோடியே 50 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது.

மாற்றுக் கருத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இன அழிப்புக்கான வன்புணர்வைத் தனி வகையாக உயர்த்திப் பேசினால், இன அழிப்பு நோக்கமின்றிப் போரில் நிகழும் வன்புணர்வுகள் சிறு குற்றங்களாகத் தோன்றிவிடும் என்று பெண்ணியச் சட்ட அறிஞர்கள் சிலர் அப்போதே எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை பொருளற்றதாகிவிடவில்லை. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998ஆம் ஆண்டின் ரோம் சட்டம், வன்புணர்வு, பாலியல் அடிமைத்தனம், கட்டாயக் கருத்தரிப்பு ஆகியவற்றை இன அழிப்பு நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போர்க்குற்றங்களாகவும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களாகவும் வரையறுத்தது அந்தக் கவலைக்கும் ஓரளவு விடையாக அமைந்தது.

ரால்ஸ் மனித உரிமைகளின் பட்டியலைச் சுருக்கிவிட்டார் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. 1993ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று ஆற்றிய உரையில், தம் நீதிக் கோட்பாட்டைத் தனி நாட்டின் எல்லையைக் கடந்து, மக்கள் சமூகங்களுக்கு இடையிலான உறவுகளுக்கு அவர் விரித்தார். தாராளவாத மக்களாட்சிகள் மட்டுமன்றி, மக்களாட்சி இல்லாத, ஆனால் ஆக்கிரமிப்பு நோக்கமற்ற, தம் மக்களின் கருத்தை ஏதோவொரு வகையில் கேட்டு நடக்கும் படிநிலைச் சமூகங்களும் ஏற்கத்தக்க நெறிகள் எவை என்பது அவருடைய கேள்வி. அதற்கு விடையாக அவர் தந்த பட்டியலில் உயிருக்கும் பாதுகாப்புக்குமான உரிமை, தனிச்சொத்துரிமை, சட்ட ஆட்சியின் அடிப்படைக் கூறுகள், ஓரளவிலான மனச்சான்றுச் சுதந்திரம், சங்கமாகச் சேரும் உரிமை, நாட்டை விட்டு வெளியேறும் உரிமை ஆகியவை இருந்தன. வாக்குரிமையும் முழுமையான பேச்சுரிமையும் அதில் இல்லை.

இது மிகக் குறைவு என்ற விமரிசனம் உடனே எழுந்தது; இன்றும் தொடர்கிறது. ரால்ஸின் நோக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தக் குறைந்தபட்ச உரிமைகள் மேற்கத்திய மரபுக்கே உரியவை என்று எந்த அரசும் தட்டிக்கழிக்க இயலாதபடி செய்ய அவர் விரும்பினார். பட்டியல் நீண்டால் மறுப்புக்கும் இடம் நீளும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. நான் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. தன்னை ஆள்பவரை மாற்றும் வழியில்லாத மக்களுக்கு, உயிர்ப் பாதுகாப்பும் ஆள்பவரின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. நெருக்கடிநிலை நடப்பில் இருந்த 1976இல், ஆட்கொணர்வு மனுவுக்கான உரிமையே நிறுத்திவைக்கப்பட்டதாக இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும், அடுத்த ஆண்டு மக்கள் வாக்களித்து அந்த ஆட்சியை அகற்றியதையும் அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

மனித உரிமைகளுக்கு அடித்தளம் தேவையில்லை என்று ரோர்ட்டி சொன்னது அவற்றைப் பலவீனப்படுத்தாதா?

பொஸ்னியாவிலிருந்து வந்த செய்திகளோடு ரோர்ட்டி தம் உரையைத் தொடங்கினார். கொலை செய்தவர்கள் தாம் மனித உரிமைகளை மீறுவதாக நினைக்கவே இல்லை. தாம் கொன்றவர்களை அவர்கள் மனிதர்களாகக் கருதவில்லை. அத்தகையவரிடம் சென்று ‘எல்லா மனிதர்க்கும் பகுத்தறிவு பொதுவானது, ஆகவே அனைவரையும் மதிக்க வேண்டும்’ என்று நிறுவிக் காட்டுவதால் எதுவும் மாறாது என்றார். அவர் பரிந்துரைத்த வழி, உணர்வுகளைப் பண்படுத்துவது. அயலாராகத் தோன்றுபவரின் துயரத்தைத் தம் வீட்டுத் துயரமாக உணரச் செய்யும் கதைகளும் செய்திகளும், எந்த மெய்யியல் நிறுவலையும்விட இருநூறு ஆண்டுகளில் அதிகம் சாதித்திருக்கின்றன என்பது அவர் வாதம். மனித உரிமை இன்று உலகின் நடைமுறை உண்மையாகிவிட்டது, அதற்கு அடித்தளம் தேடும் முயற்சி காலாவதியானது என்ற அர்ஜென்டினச் சிந்தனையாளர் எதுவார்தோ ரபோசியின் கருத்தை அவர் துணைக்கு எடுத்துக்கொண்டார்.

வலியவரின் இரக்கத்துக்காக எளியவர் காத்திருக்க வேண்டுமா என்ற மறுப்பை ரோர்ட்டியே தம் உரையில் எதிர்கொள்கிறார். அந்தக் காத்திருப்பு கசப்பானதுதான் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். எனினும் தமிழ்ச் சமூகத்தின் அனுபவத்தில் நின்று பார்த்தால் அவர் விடை முழுமையாக இல்லை. தீண்டாமைக்கு எதிரான சட்டங்களும் இடஒதுக்கீடும், ஒடுக்கியவர்களின் மனம் இளகிய பின் வந்தவை அல்ல. ஒடுக்கப்பட்டவர்கள் அமைப்பாகத் திரண்டு, அரசியலமைப்பின் மொழியில் உரிமையைக் கோரிப் பெற்றவை. இரக்கத்தை எழுப்பும் கதைகளுக்கு இணையாக, இரக்கம் இல்லாதவரையும் கட்டுப்படுத்தும் சட்டம் தேவை.

வரிசையில் எளிதாகப் படிக்கத்தக்க உரை எது?

ஸ்டீவன் லூக்ஸின் உரை. கற்பனையான ஐந்து நாடுகளை அவர் வரைந்து காட்டுகிறார். முதல் நாட்டில் எல்லாம் பெரும்பான்மையின் மொத்த நலனைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கில் தனி ஒருவரைப் பலியிடுவது தவறாகத் தெரிவதில்லை. இரண்டாவதில் சமூகக் குழுக்களின் மரபே எல்லாமாக இருப்பதால், தன் குழுவோடு ஒத்துப்போகாதவருக்குப் போக்கிடம் இல்லை. மூன்றாவது, வர்க்கங்கள் மறைந்துவிட்டதாகச் சொல்லும் பாட்டாளி நாடு. முரண்பாடே இல்லாத இடத்தில் உரிமை எதற்கு என்று அது கேட்கிறது. நான்காவதில் சந்தையும் சொத்துரிமையும் காக்கப்படுகின்றன. நோயுற்ற ஏழைக்கு அவற்றால் பயனில்லை. ஐந்தாவதான சமத்துவ நாடு மட்டுமே மனித உரிமைகளை உள்ளபடி மதிக்க முயல்கிறது. அத்தகைய நாடு நீடித்து நிலைக்குமா என்ற ஐயத்தையும் லூக்ஸ் மறைக்கவில்லை. உரிமைப் பட்டியல் ஓரளவு குறுகியதாகவும் பொதுமைப்பட்டதாகவும் இருந்தால்தான் பலரும் அதில் ஒன்றுபட முடியும் என்று முடிவில் அவர் சொல்வது ரால்ஸுக்கு அருகில் வருகிறது. இளங்கலை மாணவர்களுக்கு இந்த ஓர் உரையைத் தமிழில் தந்தாலே போதும், ஒரு பருவம் முழுவதும் விவாதிக்கலாம்.

மற்ற மூவரும் எதைப் பற்றிப் பேசினார்கள்?

லியோதார், ஒருவரை மற்றவரோடு பேசும் சமூகத்திலிருந்து விலக்கிவைப்பதே அனைத்துக்கும் அடியிலுள்ள தீங்கு என்றார். முகாம்களில் அடைக்கப்பட்டவர்களுக்கு நேர்ந்தது அதுவே என்பது அவர் பார்வை. யூத இன அழிப்பிலிருந்து உயிர்பிழைத்த ஹங்கேரிய மெய்யியலாளர் ஆக்னஸ் ஹெல்லர், ஓர் ஆட்சியின் சட்டமே அனுமதித்த கொடுமைகளை அந்த ஆட்சி வீழ்ந்த பின் எவ்வாறு தண்டிப்பது என்ற இக்கட்டை ஆராய்ந்தார். பொதுவுடைமை ஆட்சிகள் அப்போதுதான் வீழ்ந்திருந்த கிழக்கு ஐரோப்பாவில் அது அன்றாட அரசியல் கேள்வியாக இருந்தது. நார்வே நாட்டு அறிஞர் யோன் எல்ஸ்டர், பெரும்பான்மையின் முடிவிலிருந்து தனிமனிதர் உரிமைகளைக் காக்கும் அரசியலமைப்பு ஏற்பாடுகளை ஒப்பிட்டார்.

மனித உரிமை மேற்கத்தியக் கருத்து என்ற குற்றச்சாட்டுக்கு இவ்வுரைகளில் விடை கிடைக்கிறதா?

ஒரே விடை கிடைப்பதில்லை. குற்றச்சாட்டும் புதியதன்று, 1947இலேயே அமெரிக்க மானிடவியல் சங்கம், உருவாகிவந்த உலக மனித உரிமைப் பிரகடனம் மேற்கின் விழுமியங்களை மட்டும் உலகுக்குரியவையாக அறிவித்துவிடக் கூடாது என்று எச்சரித்திருந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று பாரிசில் 48 நாடுகளின் ஆதரவோடும், எதிர்ப்பு வாக்கு ஒன்றுமின்றியும், 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்க நிறைவேறிய அந்தப் பிரகடனத்தை மேற்கு மட்டும் எழுதவில்லை. சீனாவின் பி.சி. சாங், லெபனானின் சார்லஸ் மாலிக், சிலியின் எர்னான் சாந்தா குரூஸ் ஆகியோரின் பங்கு அதில் பெரியது. முதல் உறுப்பில் ஆண்பாலில் இருந்த சொற்றொடரை, மனிதர் அனைவரையும் குறிக்குமாறு மாற்றச் செய்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா.

பாங்காக் அறிக்கையையும் இந்த வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஆசிய அரசுகள் வட்டாரத் தனித்தன்மை என்று பேசிய அதே வேளையில், ஆசியாவின் அரசுசாரா அமைப்புகள் அதே பாங்காக் நகரில் கூடி, பண்பாட்டின் பெயரால் பெண்கள் உரிமை உட்பட எந்த உலகப் பொதுவான உரிமையையும் குறைக்கக் கூடாது என்று தனியே அறிவித்தன. பண்பாட்டின் சார்பில் பேசும் உரிமை அரசுக்கு மட்டும் எப்படி வந்தது?

இதைவிடக் கூர்மையான கேள்வியை 2001ஆம் ஆண்டு வரிசையில் இலக்கியக் கோட்பாட்டாளர் காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக் எழுப்பினார். மேற்கு வங்கத்தின் ஊரகங்களில் பழங்குடிக் குழந்தைகளுக்கான பள்ளிகளோடும் ஆசிரியர்களோடும் அவர் நெடுங்காலம் பணியாற்றியவர். அநீதியைத் திருத்துபவர் எப்போதும் மேலிருந்து வருபவராகவும், அநீதிக்கு உள்ளானவர் எப்போதும் உதவி பெறுபவராகவும் நீடிக்கும் வரை மனித உரிமைப் பணி முழுமையடையாது என்பது அவர் வாதம். அந்த இடைவெளி அமெரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் இடையில் மட்டும் இல்லை. கல்கத்தாவில் வாழும் படித்த வர்க்கத்துக்கும் அதே மாநிலத்து ஊரக ஏழைக்கும் இடையில் அதைவிட ஆழமாக இருக்கக்கூடும். அவர் முன்வைத்த தீர்வு, அடித்தட்டுக் குழந்தைகளுக்குத் தரமான தொடக்கக் கல்வியைப் பொறுமையாக வளர்த்தெடுப்பது. அதனை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

பின்னர் வந்த வரிசைகளில் கவனிக்கத்தக்கவை எவை?

அறிவியலின் விழுமியங்கள், மரபணுவியல், உலகமயமாக்கல், புலம்பெயர்வும் புகலிடமும், நிலவுரிமை எனப் பொருள்கள் விரிந்தன. 1997இல் உளவியலாளர் நிக்கலஸ் ஹம்ஃப்ரி, தம் நம்பிக்கைகளைக் குழந்தைகள் மீது திணிக்கும் உரிமை பெற்றோருக்கு இல்லை என்று வாதிட்டது இன்றும் சர்ச்சைக்குரியது. டாலி என்ற ஆட்டின் படியாக்கச் (குளோனிங்) செய்தி உலகை உலுக்கிய மறு ஆண்டில் மரபணு வரிசை நடந்தது. 2001இல் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொண்டாக் போர்ப் படங்களைப் பற்றி ஆற்றிய உரை, பிறருடைய வலியைப் பார்ப்பது குறித்து அவர் பின்னர் எழுதிய நூலுக்கு வித்தானது.

உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், 1999ஆம் ஆண்டு ஜனவரி 27 அன்று அரசின் இரகசியத்துக்கு எதிராகப் பேசியதைத் தமிழ் வாசகர் தேடிப் படிக்க வேண்டும். பொதுப்பணத்தில் திரட்டப்படும் தகவல் மக்களுக்குச் சொந்தம். அதை மறைப்பது அதிகாரிகள் தம் தவறுகளையும் சலுகைகளையும் காத்துக்கொள்ளும் வழி என்றார் அவர். தமிழ்நாடு 1997இலேயே தகவல் உரிமைக்கெனச் சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் விலக்குகள் மிகுந்த அந்தச் சட்டத்தால் பயன் குறைவாகவே இருந்தது. 2005ஆம் ஆண்டின் மைய அரசுச் சட்டத்துக்குப் பின்னரே சிற்றூர் மக்களும் மனு எழுதிப் பதில் கேட்கத் தொடங்கினார்கள். ஸ்டிக்லிட்ஸ் கோட்பாடாகச் சொன்னதை ராஜஸ்தானின் ஊரகத் தொழிலாளர்கள் தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலேயே கூலிப் பட்டியல்களைப் பொதுவில் படித்துக்காட்டி நடைமுறையில் கோரியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புகலிடம் பற்றிய வரிசைக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டா?

2004ஆம் ஆண்டு வரிசையின் பொருள் இடப்பெயர்வும் புகலிடமும். 1983 முதல் இலங்கைத் தமிழர்கள் அடைக்கலம் தேடி வந்த நிலம் என்பதால் அப்பொருள் நமக்கு மிக நெருக்கமானது. ஏதிலியர் நிலை குறித்த 1951ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலோ 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலோ இந்தியா கையெழுத்திடவில்லை. ஏதிலியர்க்கெனத் தனிச் சட்டமும் இங்கே இல்லை. இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து வந்து அருணாசலப் பிரதேசத்தில் குடியேறிய சக்மா மக்கள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்கள் அல்லாதவர்க்கும் உண்டு என்று உறுதிசெய்தது. ஆனால் குடியுரிமை என்ற கேள்விக்கு அத்தீர்ப்பு மட்டும் விடையாகாது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளைக் குறிப்பிட்டது, இலங்கையைக் குறிப்பிடவில்லை. முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, வேறெந்த நாட்டையும் பார்த்திராத இளைஞர் எந்த நாட்டவர் என்ற கேள்வி, எந்தப் பல்கலைக்கழக மேடையிலும் முதலில் வைக்கத்தக்கது.

தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்று இத்தகைய உரைத்தொடரை நடத்த இயலுமா?

இயலும், பெருஞ்செலவு தேவையில்லை. ஆண்டுக்கு ஒரே பொருள், ஐந்தாறு உரைகள், ஒவ்வொரு உரைக்குப் பின்னும் வெளியார் உட்பட எவரும் கேள்வி கேட்க ஒரு மணி நேரம், முடிவில் ஒரு தொகுப்பு நூல் ஆகியவை போதும். மனித உரிமை நாளான டிசம்பர் 10இல் உறுதிமொழி எடுத்து, வாழ்த்துரை வழங்கி, நினைவுப் பரிசு அளித்து முடிக்கும் விழாவைவிட இது பயனுள்ளது. சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா இன்றுவரை அதை முறைப்படி ஏற்று ஏற்புறுதி செய்யாதது ஏன், இலங்கை 1994இலேயே அதில் இணைந்திருந்தும் காவல் நிலையங்களில் நிலைமை மாறாதது ஏன் என்ற இரண்டு கேள்விகளை எடுத்துக்கொண்டாலே ஓர் ஆண்டுத் தொடருக்குப் பொருள் கிடைத்துவிடும்.

உரையாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது சட்டப் பேராசிரியரோடு, காவல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், சிறை மருத்துவர், வழக்கில் பாதிக்கப்பட்டவர், ஏற்புறுதி தேவையில்லை என்று நேர்மையாக வாதிடுபவர் ஆகியோரையும் அழைக்க வேண்டும். உரைகள் தமிழில் அமைவது இன்றியமையாதது. ஆங்கிலத்தில் பேசுபவர் வந்தால் மொழிபெயர்ப்பு உடனிருக்க வேண்டும். கேட்க வருபவர் வழக்கு மன்றத்திலும் காவல் நிலையத்திலும் தமிழில்தான் பேசப்போகிறார்.

1993ஆம் ஆண்டு உரைகளை எந்த வரிசையில் படிப்பது நல்லது?

லூக்ஸில் தொடங்கி, மெக்கினனுக்குச் சென்று, அதன்பின் ரோர்ட்டியையும் ரால்ஸையும் அடுத்தடுத்துப் படிக்கலாம். மெக்கினனை முடித்த கையோடு அகயேசு தீர்ப்பில் வன்புணர்வு பற்றிய பகுதியையும் படித்துவிடுவது நல்லது. முதலில் நடுவில் நிறுத்திவைக்க வேண்டியிருந்தாலும் பிறகு திரும்பி வாருங்கள். அங்கே பதிவாகியிருப்பது, நீதிமன்றத்தின் முன் நின்று பேசிய பெண்களின் சாட்சியம்.